திரும்பி வராத சேறு: குன்னூர் மலைச்சரிவு ஒன்றில் ஆய்வுத் துளை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் பக்கத்தில், சாலைக்கு மேலே தேயிலை பயிரிட்டிருக்கும் ஒரு சரிவு. சாலைக்காக மலையை 6 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தோட்டம் ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கவ்வாத்துக்குப் போன தொழிலாளர்கள்தான் முதலில் விரிசலைக் கண்டார்கள். வெட்டு முகப்பின் உச்சியிலிருந்து சரிவுவழியே 30 மீட்டர் மேலே, செடி வரிசைகளுக்குக் குறுக்காக, 22 மீட்டர் நீளத்துக்கு அது ஓடியது. அகலம் இடத்துக்கு இடம் 3 முதல் 4 செ.மீ.

நீலகிரியில் இப்படிப்பட்ட விரிசலை யாரும் அலட்சியமாக விடுவதில்லை. 1978, 1979 சரிவுகள், 1993 நவம்பரில் மரப்பாலம், 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன தொடர் சரிவுகள் எல்லாம் இந்த மாவட்டத்தின் நினைவில் உள்ளவை. மலையின் அடித்தளம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. அதன் மேல் பல மீட்டர் தடிமனுக்குச் செம்மண்ணும் லேட்டரைட்டும். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் லித்தோமார்ஜ் என்ற வெளிர்நிறக் களி. மழைநீர் செம்மண் வழியாக இறங்கி, இந்தக் களியைத் தாண்ட முடியாமல் அதன் முதுகில் தேங்கும். சரிவு நழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

களி எந்த ஆழத்தில் இருக்கிறது, அதன் மேல் எவ்வளவு நீரழுத்தம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள மூன்று ஆய்வுத் துளைகள் போட முடிவானது. முதலாவது விரிசலுக்கு மேலே, இரண்டாவது விரிசலுக்கு 8 மீட்டர் கீழே, மூன்றாவது சாலையோரம். ஒவ்வொன்றும் கெட்டிப் பாறைக்குள் 5 மீட்டர் போக வேண்டும். இந்த 5 மீட்டர் வீண் செலவாகத் தெரியலாம். ஆனால் நீலகிரி மண்ணுக்குள் வீட்டளவு உருண்டைப் பாறைகளும் புதைந்து கிடக்கும். ஒன்றரை மீட்டர் பாறை கிடைத்ததும் அடித்தளம் வந்துவிட்டதென்று துளையை நிறுத்தினால், அறிக்கை முழுக்கத் தவறாகப் போகும்.

கருவியும் முறையும்

டீசல் எஞ்சினில் ஓடும் சிறிய ரோட்டரி ரிக், அதாவது சுழற்றித் துளைக்கும் இயந்திரம். பகுதி பகுதியாகக் கழற்றித் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேல் மண் இடியாமல் தாங்க 114 மி.மீ. கேசிங் குழாய், 6 மீட்டர் ஆழம் வரை. அதற்குக் கீழே 76 மி.மீ. விட்டத்தில் இரட்டைக்குழாய்க் கோர் பேரல்; துளைத்த மண்ணையும் பாறையையும் உருளை மாதிரியாக (கோர்) எடுப்பது இதுதான். பேரலைச் சுழற்றும் ராடுகள் 54 மி.மீ. துளைச்சேறுக்காக 1,000 லிட்டர் தண்ணீருக்கு 50 கிலோ பென்டோனைட் களித்தூளை முதல் நாளே கரைத்து ஊறவைத்தார்கள். தண்ணீரை 1 என்று வைத்தால் புதுச் சேற்றின் அடர்த்தி 1.03, வெட்டுத்தூள் கலந்து சுழலும்போது 1.06 வரை ஏறும்.

ராடு வழியாக இறங்கி, துளைச்சுவரை ஒட்டி மேலே திரும்பும் இந்தத் துளைச்சேறு மூன்று வேலை செய்கிறது: நுனியில் வெட்டும் பிட்டைக் குளிர்விக்கும், வெட்டுத்தூளை மேலே கொண்டுவரும், துளையின் சுவரைத் தாங்கி நிற்கும். எண்ணெய்க் கிணற்றில் இந்த மூன்றோடு, பாறையிலுள்ள திரவம் உள்ளே வராமல் தடுக்கும் வேலையும் உண்டு. காவிரிப் படுகையில் நரிமணத்தைப் போன்ற வயல்களில் துளையிடும்போது சேற்றின் அடர்த்தியை இரண்டு எல்லைகளுக்கு நடுவே வைத்திருப்பார்கள். கீழ் எல்லை, பாறையின் நுண்துளைகளில் இருக்கும் திரவத்தின் அழுத்தம். சேறு அதற்குக் குறைந்தால் எண்ணெயோ வாயுவோ கிணற்றுக்குள் புகும். மேல் எல்லை, பாறை பிளக்கும் அழுத்தம். அதைத் தாண்டினால் சேறு பாறையைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடும். 3,000 மீட்டர் ஆழத்தில் 1.2 அடர்த்தியுள்ள சேறு ஏறத்தாழ 353 பார் அழுத்தம் தரும். அந்த எண்ணை நூறு தடவை சரிபார்க்கிறவர்கள், 15 மீட்டர் துளைக்கு இந்தக் கணக்கு தேவைப்படும் என்று பொதுவாக நினைப்பதில்லை. இந்த நிகழ்வின் மையம் அதுதான்.

முதல் துளை எந்தத் தொந்தரவும் இல்லாமல் 24 மீட்டரில் முடிந்தது. சேறு முழுமையாகத் திரும்பி வந்தது. அது விரிசலுக்கு மேலே, இன்னும் அசையாத மண்ணில் போட்ட துளை. அந்த அனுபவத்தை வைத்து அதே சேறு, அதே பம்பு வேகம், அதே 1.5 மீட்டர் ஓட்டங்களோடு (ஓட்டம் என்பது கோர் எடுக்க ஒரு தடவையில் துளைக்கும் நீளம்) இரண்டாவது துளையைத் தொடங்கினார்கள்.

இரண்டாவது துளையில் நடந்தது

8.5 மீட்டரில் உருண்டைப் பாறை ஒன்று வந்தது, 90 செ.மீ. கோர் எடுத்ததும் மறுபடி மண். அதற்குப் பின் மண் மென்மையாகிக்கொண்டே போனது. 13.6 மீட்டரில் பிட்டின் சத்தம் அடங்கி, ராடு தன் பாரத்திலேயே இறங்கத் தொடங்கியது. களிக்குள் நுழைந்துவிட்டதற்கு அது அடையாளம். பம்பு அப்போது நிமிடத்துக்கு 60 லிட்டர் அனுப்பிக்கொண்டிருந்தது. அடுத்த 20 செ.மீ.க்குள் அழுத்தமானி 3 பாரிலிருந்து 9 பாருக்குத் தாவியது. பம்பருகே நின்ற உதவியாளர், பிட்டின் வாய் அடைத்துக்கொண்டது, அழுத்தினால் திறந்துவிடும் என்று பம்பை ஓடவிட்டார். சமவெளியில் பாலத்துக்குத் துளை போடும் இடங்களில் இது வழக்கமான கை.

முள் சட்டென்று 2 பாருக்கு விழுந்தது. திறந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சேற்றுக் குழிக்குத் திரும்பும் ஓட்டம் முதலில் பாதியானது, பிறகு நூலாக மெலிந்தது, பிறகு நின்றது.

"சார், ரிட்டர்ன் சுத்தமா நின்னுடுச்சு. மரத்தூள் கலந்து ரெண்டு மூட்டை பென்டோனைட்டும் போட்டுப் பாக்கலாமா?" என்று டிரில்லர் கேட்டார். தளப் பொறியாளர் சேற்றுத் தொட்டியின் அளவுக்குறியைப் பார்த்தபோது பத்து நிமிடத்தில் 600 லிட்டர் போயிருந்தது. "வேணாம்ணே, பம்ப நிறுத்துங்க. ராட இழுக்காதீங்க, சுத்த மட்டும் விடுங்க" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா குடத்தோடு மேலே ஏறி வந்தார். வெட்டு முகப்பின் அடியில், துளையிலிருந்து பக்கவாட்டில் 35 மீட்டர் தள்ளி ஓர் ஊற்று உண்டு. லயத்துக் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) குடும்பங்கள் குடிக்க எடுப்பது அங்கேதான். "தம்பி, கீழ ஊத்துத் தண்ணி சாம்பலா வருது. கையில பட்டா வழவழன்னு ஒட்டுது" என்றார். குடத்தில் இருந்தது பென்டோனைட். பக்கவாட்டில் 35 மீட்டருக்கு, 30 நிமிடத்துக்கும் குறைவாகப் போயிருக்கிறது. மண்ணின் நுண்துளைகள் வழியாகக் கசிந்தால் அந்த வேகம் வராது; திறந்த பிளவு வழியாக ஓடினால்தான் வரும்.

விரிசலின் இருபுறமும் காலையில் ஆணி அடித்து டேப்பால் அளந்து வைத்திருந்தார்கள். காலையில் 42 மி.மீ.; இப்போது 45 மி.மீ.

ஏன் இப்படி ஆனது: அழுத்தக் கணக்கு

அன்று மாலையே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லா எண்களும் 13.8 மீட்டர் ஆழத்துக்கு.

மேலே இருக்கும் மண்ணின் அடர்த்தி 1.8 என்று வைத்தால் மேற்சுமை 244 கிலோபாஸ்கல். நுண்துளை நீரழுத்தம் எவ்வளவு என்று துளையே சொல்லிவிட்டது: பம்பை நிறுத்திய பின் சேற்றின் மட்டம் இறங்கி, தரையிலிருந்து 9.2 மீட்டரில் நின்றது. அங்கிருந்து 13.8 வரை நிற்கும் 4.6 மீட்டர் சேற்றின் அழுத்தம் 48 கிலோபாஸ்கல். களியின் முதுகில் தேங்கிய நீரின் அழுத்தமும் அதுவே என்று கொள்ளலாம். மேற்சுமையில் 48-ஐக் கழித்தால் மண்துகள்கள் சுமக்கும் பங்கு 196. அதில் கிடைவாக்கில் வருவது, இப்படிப்பட்ட மண்ணுக்கு 0.4 மடங்கு என்று எடுத்தால் 78. நீரழுத்தத்தைத் திரும்பச் சேர்த்தால் மொத்தக் கிடையழுத்தம் 126 கிலோபாஸ்கல். துளைக்குள் இருக்கும் திரவம் இதைத் தாண்டினால் செங்குத்துப் பிளவு திறக்கும்.

வாய்வரை நிறைந்த 1.06 சேற்றின் அழுத்தம்: 13.8 × 1.06 × 9.81, அதாவது 143 கிலோபாஸ்கல்.

பம்பு ஓடாமலே, சேற்றின் எடை மட்டுமே மேல் எல்லையைத் தாண்டியிருக்கிறது. சேற்றை விட்டு வெறும் தண்ணீரை வாய்வரை நிரப்பினாலும் 135 வருகிறது, அதுவும் அதிகம். விரிசலை ஒட்டிய மண் ஏற்கெனவே கீழ்நோக்கி இழுபட்டுத் தளர்ந்திருப்பதால் 0.4 என்ற எண்ணே தாராளமானது. உண்மையில் எல்லை இன்னும் கீழே இருந்திருக்கலாம்.

இதையே நீர்மட்டம் தரைவரை இருக்கும் சமவெளிக்குப் போட்டுப் பாருங்கள். நீரழுத்தம் 135, மண்துகள் பங்கு 109, அதில் பாதி கிடைவாக்கில் 54, மொத்தம் 189. அங்கே 143 பத்திரமாக இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கும். பாலத் தளங்களில் பல வருடம் வேலை செய்தவரின் கைப்பழக்கம் அங்கே தப்பாமல் பலிப்பதற்கும், மலைச்சரிவில் பலிக்காததற்கும் காரணம் இதுதான். டிரில்லரின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆழமான நீர்மட்டமும் தளர்ந்த கிடையழுத்தமும் சேர்ந்து அவருக்கு இருந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கிவிட்டன.

9 பார் எங்கிருந்து வந்தது? ராடுக்கும் துளைச்சுவருக்கும் இடையில் 11 மி.மீ. சந்துதான் இருக்கிறது. களி உருண்டு அந்தச் சந்தை அடைத்ததும், பம்பின் அழுத்தம் போக வழியில்லாமல் அடைப்புக்குக் கீழே சுவரின் மேல் விழுந்தது. 9 பார் என்பது 900 கிலோபாஸ்கல். ராடுக்குள் உராய்வில் போனதைக் கழித்தாலும் 126-ஐப் போலப் பல மடங்கு. முள் 2 பாருக்கு விழுந்தது பிட்டின் வாய் திறந்ததால் அல்ல, மண் பிளந்ததால்.

அன்று எடுத்த முடிவுகள்

நிறுத்திய பம்பு நின்றபடியே இருந்தது. துளையில் சேற்றை மீண்டும் நிரப்பக் கூடாது என்று முடிவானது. எண்ணெய்க் கிணறாக இருந்தால் இங்கே முடிவு வேறாக இருக்கும்: மட்டம் இறங்கினால் வாயு உள்ளே வரும் ஆபத்து உண்டு, அதனால் எப்பாடுபட்டாவது கிணற்றை நிரப்பி வைப்பார்கள். இந்தச் சரிவில் உள்ளே வர வாயு இல்லை. துளைச்சுவர் கொஞ்சம் இடிந்தால் திரும்பத் துளைத்துக்கொள்ளலாம். சரிவுக்குள் இன்னும் ஒரு தொட்டி சேறு போனால் திரும்ப எடுக்க முடியாது.

ராடுகளை ஒரே இழுப்பில் மேலே எடுக்கவில்லை. அடைபட்ட துளையில் வேகமாக இழுத்தால் கீழே வெற்றிடம் உண்டாகி, சுவர் உள்ளே சரிந்து பேரலைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகச் சுழற்றியபடி, ஒவ்வொரு ராடுக்கும் நின்று நின்று, கேசிங்குக்குள் வரும்வரை எடுத்தார்கள்.

மரத்தூள் யோசனை விவாதிக்கப்பட்டது. சேறு இழப்பை அடைக்க நார், தூள், மைக்கா போடுவது எண்ணெய்த் துளைப்பில் நன்கு அறிந்த முறைதான். அது சல்லி அடுக்கையும் சிறு பிளவுகளையும் அடைக்கும். எடையாலேயே திறந்து நிற்கும் பிளவில், எடையைக் குறைக்காமல் அடைப்பானைப் போட்டால் பிளவின் நுனி இன்னும் தள்ளிப் போய்த் திறக்கும். கூடவே, சரிவின் இயற்கையான வடிகால் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம். பின்னால் சொன்ன காரணமே போதும் என்று குழு கருதியது. அது சரியான முடிவு.

காற்றில் அடிக்கும் ஹாமர் ரிக்கைக் கொண்டுவரலாமா என்ற கேள்வியும் வந்தது. அதில் சேறே இல்லை, வேகமும் அதிகம். ஆனால் பல பார் அழுத்தத்தில் வரும் காற்று, நீர் ஊறிய விரிசல் மண்ணில் சேற்றைவிட மோசமாகப் பாயும். அதைக் கைவிட்டார்கள்.

நெடுஞ்சாலைப் பொறியாளருக்குத் தகவல் போனது. வெட்டு முகப்பின் கீழே வண்டி நிறுத்துவது தடுக்கப்பட்டது. போக்குவரத்து பள்ளத்தாக்குப் பக்கத்து ஒற்றை வழிக்கு மாறியது. சரிவின் அடியில் குடியிருந்த இரண்டு குடும்பங்கள் சமுதாயக் கூடத்துக்குப் போனார்கள். ஊற்றில் தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று லயத்தில் சொல்லப்பட்டது. பென்டோனைட் நஞ்சல்ல என்றாலும், கலங்கிய நீரோடு வேறு என்ன வருகிறது என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. சேற்றுக் குழி விரிசலுக்கு 2 மீட்டர் மேலே தோண்டப்பட்டிருந்தது. சமதளம் அங்கேதான் கிடைத்தது என்பது காரணம். ஒரு டன் எடை, அதோடு கசியும் அடித்தளம், விரிசலின் தலைமாட்டில். அன்றிரவே அதை வாளியால் காலிசெய்து மூடினார்கள்.

துளையை முடித்த விதம்

விரிசல் இரண்டு நாள் 46 மி.மீ.யில் அசையாமல் நின்ற பிறகு வேலை தொடர்ந்தது. பம்பு துளையிலிருந்து கழற்றப்பட்டது. புது விதி: துளைக்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 5 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டரில் நின்றால் 13.8-இல் அழுத்தம் 86 கிலோபாஸ்கல். 126-க்குக் கீழே போதிய இடைவெளி.

இந்த விதியைத் தளத்தில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியிருந்தது. கேசிங்கின் உள்விட்டம் 101 மி.மீ.; நடுவில் ராடு போக, ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 5.7 லிட்டர் பிடிக்கும். நீர்மட்டம் 9 மீட்டரில் இருக்கும்போது 20 லிட்டர் ஊற்றினால் 3.5 மீட்டர் ஏறி 5.5-இல் நிற்கும். ஆகவே ஓர் ஓட்டத்துக்கு 20 லிட்டர் கேன் ஒன்று, அதற்கு மேல் இல்லை. ராடு வழியாகக் கையாலேயே மெல்ல ஊற்றுவது. ராடு நிரம்பி வழிவதுபோல் தெரிந்தால் பிட் அடைத்திருக்கிறது என்று பொருள், உடனே ஊற்றுவதை நிறுத்திப் பேரலை உயர்த்துவது. ஓட்டம் 1.5 மீட்டரிலிருந்து 30 செ.மீ. ஆனது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நீர்மட்டத்தை டேப்பில் அளந்து எழுதினார்கள்.

வெட்டுத்தூள் மேலே வராது என்பது இந்த முறையின் விலை. பேரலுக்கு மேலே ஒரு திறந்த தூள்குழாயைப் பொருத்தி, அதில் சேர்வதை ஒவ்வொரு முறையும் கொட்டினார்கள். மிச்சத்தைப் பெய்லர் என்ற வாளிக்குழாயால் இறைத்தார்கள். களிக்குள் டங்ஸ்டன் கார்பைடு பிட், குறைந்த சுழற்சி. வைர பிட்டை இவ்வளவு குறைந்த தண்ணீரில் ஓட்டினால் கருகிவிடும்.

அதற்கு முன்னால் கேசிங்கை 6 மீட்டரிலிருந்து கீழே இறக்க வேண்டியிருந்தது. 8.5 மீட்டர் உருண்டைப் பாறையில் 76 மி.மீ. துளை மட்டுமே இருந்தது, 114 மி.மீ. கேசிங் போக அதை அகலப்படுத்த வேண்டும். கேசிங்கின் நுனியில் வெட்டும் வளையமான கார்பைடு ஷூ அங்கே மழுங்கியது. கோயம்புத்தூரிலிருந்து வைரம் பதித்த கேசிங் ஷூ வர இரண்டு நாள் ஆனது. சார்னோகைட் உருண்டைகள் உள்ள மண்ணில் வைர ஷூ ஒன்றைத் தொடக்கத்திலேயே கையிருப்பில் வைப்பது நல்லது. அதன் விலையைவிட ரிக் இரண்டு நாள் சும்மா நிற்பதற்கு ஆகும் செலவு அதிகம்.

களி 13.6 முதல் 16.1 மீட்டர் வரை இருந்தது. வெள்ளையும் வெளிர்சிவப்பும் கலந்த நிறம்; சுத்தியல் அடிகளால் மண்ணின் கெட்டியை அளக்கும் எஸ்.பி.டி. சோதனையின் எண் 4 முதல் 6. 14.3 மீட்டரில் எடுத்த கோரைப் பிரித்தபோது அது தானாகவே ஒரு சாய்ந்த தளத்தில் இரண்டாக விலகியது. அந்த முகம் பளபளப்பாக, சாய்வின் திசையில் மெல்லிய கீறல்களோடு இருந்தது. மண் மண்ணின் மேல் நகர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 1.5 மீட்டர் ஓட்டத்தில் பம்பு ஓட்டத்தோடு எடுத்திருந்தால் இந்தத் தளம் கரைந்து போயிருக்கும். சிறிய ஓட்டமும் குறைந்த நீரும் பாதுகாப்புக்காகச் செய்தவை, ஆனால் ஆய்வின் மிக முக்கியமான கோரையும் அவைதான் காப்பாற்றின.

கேசிங் களியைத் தாண்டி, சிதைந்த பாறைக்குள் 16.4 மீட்டரில் உட்கார்ந்தது. எண்ணெய்க் கிணற்றில் பலவீனமான அடுக்கைக் கேசிங்கால் மூடிய பிறகே அடுத்த பகுதிக்கு வேறு சேற்றோடு போவார்கள். ஷூவுக்குக் கீழே சிறிது துளைத்து, அழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று சோதிப்பார்கள். அதையே சிறிய அளவில் செய்தார்கள்: கேசிங்கில் தண்ணீரை 2 மீட்டர், 2 மீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் 10 நிமிடம் பார்த்தார்கள். கடைசிப் படியில் இறக்கம் 6 செ.மீ. மட்டுமே, ஊற்றிலும் மாற்றமில்லை. அதன் பிறகுதான் வைர பிட்டும் முழு ஓட்டமும். 17.5 மீட்டரில் புதுப்பாறை, 22.5-இல் துளை முடிந்தது. எடுத்த பாறைக் கோரின் நீளத்தில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகள் 72 விழுக்காடு.

நீரழுத்தமானி வைத்தது

இங்கே இரண்டாவது தடவை அதே பிழை நடக்க வாய்ப்பிருந்தது. மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் நீரழுத்தமானியின் நுனியை 14.3 மீட்டரை ஒட்டி வைத்து, 13.6 முதல் 14.8 வரை மணல் வடிகட்டி, அதற்கு மேல் 12.5 வரை பென்டோனைட் உருண்டை அடைப்பு, மீதி முழுவதும் சிமென்ட்–பென்டோனைட் கரைசல் என்பது திட்டம். கரைசலின் அடர்த்தி 1.3. கேசிங்கை உருவிக்கொண்டே ஒரே மூச்சில் வாய்வரை நிரப்பியிருந்தால் 12.5 மீட்டரில் 159 கிலோபாஸ்கல். அந்த ஆழத்தில் மண் தாங்குவது ஏறத்தாழ 109. கரைசல் பிளவுக்குள் பாய்ந்து, ஊற்றின் வழியை நிரந்தரமாக அடைத்திருக்கும். சேறாவது மெல்லக் கழுவிப் போகும், சிமென்ட் போகாது.

ஆகவே அடியிலிருந்து குழாய் மூலம் 3 மீட்டர் நிரப்புவது, கேசிங்கை அந்த அளவு உருவுவது, மறுநாள் இறுகிய பிறகு அடுத்த 3 மீட்டர் என்று போனார்கள். எண்ணெய்க் கிணறுகளில் பலவீனமான பாறை உள்ள இடத்தில் சிமென்டைப் படிப்படியாக ஏற்றுவதற்கும் காரணம் இதே கணக்குதான். நான்கு நாள் கூடுதலாக ஆனது. ஒப்பந்தக்காரருக்கு அந்த நான்கு நாளுக்கும் காத்திருப்புக் கட்டணம் தர ஒப்புக்கொண்டதால்தான் அவசரப்படாமல் செய்ய முடிந்தது.

பின்விளைவு

நீரழுத்தமானி காட்டிய மட்டம் 8.9 மீட்டர். நழுவும் தளத்தின் மேல் 5.4 மீட்டர் நீர், 53 கிலோபாஸ்கல். இதைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை என்று முடிவாகி, வெட்டு முகப்பில் சாலையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 5 பாகை மேல்நோக்கி, 24 மீட்டர் நீளத்தில் மூன்று வடிகால் துளைகள் போடப்பட்டன. மேல்நோக்கிய துளையில் ஒரு வசதி உண்டு: உள்ளே விட்ட தண்ணீர் வாய்வழியே தானாக வடிந்துவிடும், பாரம் சேராது. உள்ளே துணிச்சுற்றுப் போட்ட ஓட்டைக் குழாய் செருகப்பட்டது; வாயிலிருந்து முதல் 3 மீட்டர் மட்டும் ஓட்டையில்லாத குழாய், வடிந்த நீர் முகப்பு மண்ணுக்குள் திரும்ப ஊறாமல் இருக்க.

முதல் வடிகாலில் நிமிடத்துக்கு 9 லிட்டர் வந்தது. இரண்டாவதில் ஒன்றரை. மூன்றாவது வறண்டது. ஒரே சரிவில் 3 மீட்டர் இடைவெளியில் இவ்வளவு வித்தியாசம் இருப்பது இயல்பு. நீர் எல்லா இடத்திலும் சமமாக நிற்பதில்லை, வழி உள்ள இடத்தில் ஓடுகிறது. வறண்ட துளையைத் தோல்வியாகக் கணக்கிடக் கூடாது. மழையில் அதில் நீர் வந்தது. பதினொரு நாளில் மட்டம் 11.6 மீட்டருக்கு இறங்கியது. தளத்தின் மேல் நீரழுத்தம் 26 கிலோபாஸ்கல், ஏறத்தாழ பாதி. விரிசல் 46 மி.மீ.யைத் தாண்டவில்லை. அடுத்து வந்த கனமழையில் மட்டம் 9.8 வரை ஏறி, இரண்டு நாளில் திரும்ப இறங்கியது. இரண்டாவது வடிகாலில் நுண்களி படிந்து ஓட்டம் குறைந்ததால் ஒருமுறை கழுவ வேண்டிவந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இது தேவைப்படும்.

குடும்பங்கள் வீடு திரும்பினார்கள். சாலையோரத் துளை புது விதிகளின்படி சேறு இழப்பில்லாமல் முடிந்தது. விரிசல் களிமண்ணால் அடைக்கப்பட்டு, அதற்கு மேலே மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டப்பட்டது. வெட்டு முகப்புக்கு நிரந்தரத் தாங்கல் வடிவமைப்பு தனி வேலையாகத் தொடர்கிறது.

மாற்ற வேண்டியவை

துளை தொடங்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் நீர்மட்டம் எதுவரை ஏறலாம் என்ற அட்டவணை டிரில்லரின் கையில் இருக்க வேண்டும். கணக்கு பத்து நிமிட வேலை. எண்கள் உத்தேசமாக இருந்தாலும் பரவாயில்லை. 143-ம் 126-ம் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் அன்று யாரும் சேற்றை வாய்வரை நிரப்பியிருக்க மாட்டார்கள். விரிசலுக்குக் கீழே உள்ள துளைகளில் 0.4-க்குப் பதில் 0.3 எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

பம்பில் அழுத்த விடுப்பு வால்வு 3 பாரில் திறக்கும்படி வைக்கப்பட வேண்டும். முள் ஏறும்போது மனிதர் முடிவெடுக்கக் காத்திருப்பதற்கு அங்கே நேரமில்லை. முள் ஏறினால் பம்பை நிறுத்து, பேரலை அரை மீட்டர் உயர்த்து, சுழற்று, பிறகே மறுபடி ஓட்டு என்ற வரிசை பம்பு ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், டிரில்லருக்கு மட்டுமல்ல.

முதல் துளை விரிசலுக்கு வெளியே இருந்தால், அதில் கிடைத்த நல்ல அனுபவத்தை உள்ளே இருக்கும் துளைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. சேற்றுக் குழியும் தண்ணீர்த் தொட்டியும் விரிசலுக்குப் பக்கவாட்டில், நகரும் மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும். குழாய் நீளமாகத்தான் போகும், போகட்டும்.

விரிசலில் ஆணி அடித்து அளந்தது நல்ல வேலை; ஆனால் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்பது போதாது. பம்பு ஓடும்போது ஒரு மணிக்கு ஒருமுறை வேண்டும்.

சரிவின் கீழே உள்ள ஊற்றுகள் அனைத்தும் வேலைக்கு முன் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் தெளிந்த நீர் எடுத்து வைக்கப்பட வேண்டும். இந்த நிகழ்வில் பிளவின் திசையை உறுதிசெய்தது குழுவின் கருவி எதுவும் அல்ல, ஊற்றுக்கு வந்த அம்மாவின் கண். அவர் அன்று வராமல் இருந்திருந்தால் சேறு எங்கே போனது என்று மறுநாள்தான் தெரிந்திருக்கும். ஊற்றைப் பயன்படுத்துகிறவர்களிடம் நிறம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி எண்ணோடு முன்கூட்டியே சொல்லிவைப்பது வேலைத் திட்டத்தின் பகுதியாக வேண்டும். ஊற்று ஒன்பது நாள் மூடப்பட்டிருந்தபோது லயத்துக்குத் தண்ணீர் முதல் இரண்டு நாள் ஒழுங்காக வரவில்லை. மூன்றாம் நாள்தான் லாரி ஏற்பாடானது. அந்த லாரிக்கான தொகையை மதிப்பீட்டில் முதலிலேயே சேர்க்க வேண்டும்.